தொடாத குழிகள்

ஜூன் 3, திங்கள்

லேப் நோட்டில் எண்களை மட்டும் எழுது, கோபத்தை எழுதாதே என்று போன வாரம் என் கைடு சார் சொல்லிவிட்டார். "என்னம்மா தாரணி இது, 'எந்தப் பாவி'ன்னு எழுதி அடிக்கோடு வேற போட்டிருக்க?" சரி. எண்கள் அங்கே, மற்றதெல்லாம் இங்கே. மகள் மகிழாவின் பள்ளிக்கு வாங்கியதில் மிஞ்சிய நோட்டு இது. அட்டையில் வாத்துப் படம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்றைக்கும் தொடாத குழிகள் எரிந்தன.

மாமியார் ஒருமுறை நான் என்னதான் செய்கிறேன் என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். மனிதத் தோலின் செல்களை, குழி குழியாக இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் வளர்க்கிறேன். அவை குழியின் தரையில் பாய் விரித்ததுபோல ஒட்டிப் படரும். பாதிக் குழிகளில் பிப்பெட் முனையால் ஒரு கீறல் போடுவேன். அதுதான் காயம். கிழிந்த செல்கள் உள்ளே வைத்திருக்கும் ஏ.டி.பி. என்ற பொருளை வெளியே கொட்டிவிடும். பக்கத்தில் அடிபடாமல் இருக்கும் செல்கள் அதை உணர்ந்து, யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்று அறிந்து, கீறலை மூட நகர ஆரம்பிக்கும். மின்மினிப் பூச்சியிடம் இருக்கும் என்சைம் ஒன்றைச் சேர்த்தால், கொட்டிய ஏ.டி.பி.க்குத் தக்கபடி வெளிச்சம் வரும். மெஷின் அதை அளந்து சொல்லும். கீறிய குழி எரிய வேண்டும், தொடாத குழி இருட்டாக இருக்க வேண்டும். அந்த வித்தியாசம்தான் என் பிஎச்.டி.

மாமியார் எல்லாம் கேட்டுவிட்டு "பாவம்" என்றார். எனக்கா செல்லுக்கா என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரியிலிருந்து தொடாத குழிகளும் எரிகின்றன. ஒரு கீறலும் படாமல், அடிபட்டதுபோல. ஆகஸ்டுக்குள் நான் முடித்தாக வேண்டும். முடியாவிட்டால் மீதி வேலையை லேபில் எனக்கு ஜூனியரான பெனிட்டா பார்த்துக்கொள்ளட்டும் என்று சார் ஏப்ரலிலேயே சொல்லியாகிவிட்டது. அவள் அப்போது தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். சிரிப்பை மறைக்கத்தான் என்று எனக்குத் தெரியாதா?

ஜூன் 4, செவ்வாய்

பீரோக் கதவு மறுபடி கழன்று தொங்குகிறது. இப்போதெல்லாம் அட்டையில் பீரோ செய்கிறார்கள்போல. தச்சர் வந்து பார்த்துவிட்டு, "இது மூணாவது தடவ. வீட்ல சின்னப் புள்ளைக தொங்கி ஆடுதுகளா?" என்று கேட்டார். என் கணவர் சிவநேசன், "ஆமாண்ணே" என்றார். மகிழா பீரோ பக்கமே போக மாட்டாள். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். அதற்குள் அவருக்குப் பால் வாங்கப் போக வேண்டியிருந்தது.

ஜூன் 6, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

இன்று தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். செல்கள் சீராகப் படர்ந்திருக்கவில்லை. குழியின் நடுவில் வளையமாகக் கூடிக் கிடந்தன. டீ டம்ளரை ஆட்டினால் தூளெல்லாம் நடுவில் வந்து சேருமே, அதேபோல. இது தானாக வராது. செல்கள் தரையில் ஒட்டிப் பிடிப்பதற்குள் யாரோ தட்டை ஆட்டியிருக்கிறார்கள். ஆட்டினால் போதும். கீற வேண்டும் என்றுகூட இல்லை. தண்ணீர் அலைந்து மேலே மோதினாலே செல் அதை அடியாகத்தான் எடுத்துக்கொள்ளும், ஏ.டி.பி.யைக் கொட்டிவிடும். படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான்தான் ஆட்களை நம்பிக் கெட்டேன்.

தட்டுகள் இருக்கும் அறைக்குச் சாவி மூன்று பேரிடம் இருக்கிறது. சார், நான், பெனிட்டா. தட்டுகளை உடல் சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டரைச் சார் திறந்தே ஐந்து வருடம் இருக்கும்.

பெனிட்டா நாகர்கோவில்காரி. சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவள் வேலை வேறு. ரப்பர்த் தாளின்மேல் செல்களை வளர்த்து, ஒரு சின்ன மோட்டாரால் அதை இழுத்து இழுத்து விடுவாள். இழுத்துக்கொண்டே இருந்தால் செல்கள் என்ன செய்யும் என்பதுதான் அவளுடைய கேள்வி. கொஞ்ச நேரத்தில் அவை இழுக்கும் திசைக்குக் குறுக்கே திரும்பிப் படுத்துக்கொள்ளும். சார் அதைப் பார்த்துவிட்டு ஏதோ நிலாவில் கால் வைத்ததுபோலப் பேசினார். கேன்டீனில் எல்லோரிடமும் வாய் ஓயாமல் பேசுகிறவள், என்னிடம் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு பேசுவாள். மடியில் கனம் இருக்கிறது.

நான் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"இன்குபேட்டர் கதவ கொஞ்சம் மெதுவா சாத்தலாம்லா. இப்ப ரப்பர் புதுசுதான, லேசா தள்ளுனாலே புடிச்சிக்கிடும்."

நான் சேர்ந்த புதிதில் அந்தக் கதவின் ரப்பர் தொய்ந்துபோய் இருந்தது. "அறைஞ்சு சாத்தும்மா, இல்லேன்னா கேஸெல்லாம் வெளிய போயிரும்" என்று சார்தான் பழக்கினார். ஜனவரியில் இவள் கம்பெனி ஆளை வரவழைத்து ரப்பரை மாற்றினாள். அந்த ஒரு நல்ல காரியத்துக்கு எனக்கு வகுப்பெடுக்க வந்துவிட்டாள்.

"இந்தக் கதவ நான் ஆறு வருஷமா சாத்துறேன். நீ ஒன்றரை வருஷம். யாரு யாருக்குச் சொல்லிக் குடுக்கணும்?"

சொல்லிவிட்டு, வேண்டுமென்றேதான், திறந்து இன்னொரு முறை நன்றாகச் சாத்தினேன். மேலே இருந்த பாட்டில்கள் கலகலத்தன. அவள் கண்களைச் சிமிட்டிக்கொண்டே நின்றாள். பிறகு தன் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்குப் போய்விட்டாள். போன மாதத்திலிருந்தே அங்கே பயோடெக் துறையின் இன்குபேட்டரில்தான் வைத்துக்கொள்கிறாள். ஏன் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கு விளங்குகிறது.

ஜூன் 7, வெள்ளி

எரிந்தன. கீறியதற்கும் தொடாததற்கும் இன்று வித்தியாசமே இல்லை.

ஜூன் 10, திங்கள்

லேப் மீட்டிங். பெனிட்டா தன் படங்களைப் போட்டுக் காட்டினாள். அவளும் அதே மின்மினி என்சைமால்தான் அளந்திருந்தாள்; மோட்டார் இழுக்காத, தொடாத குழிகள் அமாவாசை மாதிரி இருட்டு. ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. "கண்ட்ரோல்னா இப்படி இருக்கணும்" என்று சார் சொன்னார். என்னைப் பார்க்காமல் சொன்னார், அதுதான் இன்னும் எரிச்சல்.

மீட்டிங் முடிந்ததும் சாரின் அறைக்குப் போனேன். வளையமாகக் கிடக்கும் செல்களின் படத்தை அவர் மேசையில் வைத்தேன்.

"பாருங்க சார். யாரோ ஆட்டுறாங்க. அவளோடத மட்டும் மேல கொண்டுபோய் பத்திரமா வச்சுக்கிறா. என்னோடது மட்டும் கீழ இருந்து கெட்டுப்போகுது. இதுக்கு மேல என்ன வேணும்?"

சார் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். நான் சொன்னதில் பிசகு எதுவும் இல்லை. ஆட்டாமல் இப்படி வராது என்பது அவருக்கும் தெரியும்.

"நீ நிச்சயமா சொல்றியாம்மா? ஒரு பொண்ணோட வாழ்க்க."

"என்னோடதும் வாழ்க்கதான் சார்."

அவர் படத்தை மேசை டிராயருக்குள் வைத்துக்கொண்டார். வெளியே வரும்போது ஆபீஸ் கிளார்க் இருவர் பேச்சை நிறுத்தினார்கள். என் குரல் கொஞ்சம் கணீரென்று இருக்கும், அவ்வளவுதான்.

ஜூன் 11, செவ்வாய்

நேரில் கேட்பதுதான் மரியாதை என்று நினைத்தேன். அவள் ஹூட் என்ற கண்ணாடிக் கூண்டின் முன்னால் உட்கார்ந்து தட்டுக்கு மருந்து மாற்றிக்கொண்டிருந்தாள்.

"என் பிளேட்ட எதுக்கு ஆட்டுற?"

"நான் ஆட்டலக்கா."

"அப்ப யாரு? பேயா?"

மருந்து பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"வாயத் தொற பெனிட்டா."

"சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க."

"சொல்லித்தான் பாரேன்."

இன்குபேட்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லக்கா" என்றாள். பிப்பெட்டைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். குற்றம் செய்யாதவள் ஏன் ஒதுங்க வேண்டும்?

கையுறைப் பெட்டியை மேசையில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். போட்டேன் என்றுதான் எழுதுகிறேன். எறிந்ததாகச் சாரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 13, வியாழன்

சார் பெனிட்டாவிடம் சாவியை வாங்கிவிட்டார். மேல்மாடி இன்குபேட்டரும் கிடையாது. 28ஆம் தேதி ஆய்வுக் குழு கூடும். குழு அவள் பதிவை ரத்துசெய்தால் ஒன்றரை வருட வேலையும் போகும், இனி எந்தப் பல்கலைக்கழகத்திலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பிறர் ஆய்வைக் கெடுத்தாள் என்று எழுதிவிட்டால் அதற்கு மேல் அவள் எங்கே போய்ச் சொல்வது?

எனக்குச் சந்தோஷம் இல்லை. இருந்தாலும் இன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். நேற்று வைத்த புளிக்குழம்பு, அப்பளம்.

ஜூன் 16, ஞாயிறு

மாவு அரைத்தேன். திரைச்சீலை துவைத்தேன். மகிழா பால் டம்ளரைத் தட்டிவிட்டாள். நான் ஒன்றும் சொல்வதற்குள்ளாகவே போய்ச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள். சிவநேசன் துணியோடு ஓடி வந்தார். அப்பாவும் மகளும் துடைத்த வேகத்தைப் பார்த்தால் வீடு தீப்பிடித்ததோ என்று இருந்தது. நான் திட்டவே இல்லை. வெறும் பால். திட்டியிருந்தால்கூட இந்த அவமானம் இருந்திருக்காது.

மத்தியானம் தூங்கி எழுந்து வந்தபோது இருவரும் டிவியைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கார்ட்டூனைப் போய் யாராவது ஊமையாகப் பார்ப்பார்களா?

ஜூன் 18, செவ்வாய்

எல்லாம் புதிதாக. புதுத் தட்டு, புதுச் செல்கள், புது மருந்து. அறைச் சாவி என்னிடம் மட்டும். நேற்று வளர்த்தேன், இன்று கீறினேன், காத்திருந்தேன், மெஷினில் வைத்தேன்.

எரிந்தன.

ஜூன் 19, புதன்

எரிந்தன.

ஜூன் 21, வெள்ளி

அவளிடம் இன்னொரு சாவி இருக்கும் என்று நினைத்தேன். பூட்டையே மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். வாட்ச்மேனிடம் கேட்டேன். "அந்தப் புள்ளயா? அது ஒரு வாரமா இந்தப் பக்கமே வரலியே மேடம்" என்றார். ஹாஸ்டலில் விசாரித்தேன். ஊருக்குப் போயிருக்கிறாளாம், கூட்டத்துக்குத்தான் வருவாளாம். நாகர்கோவிலில் இருந்துகொண்டு மதுரையில் தட்டை ஆட்ட முடியாது.

பூட்டு மாற்றிய பிறகு வைத்த தட்டு. இன்று பார்த்தேன். செல்கள் மறுபடி நடுவில் வளையமாகக் கூடிக் கிடந்தன.

மின்விசிறியாக இருக்கும். பக்கத்துக் கட்டடத்தில் குழாய்க்குத் தோண்டுகிறார்கள், அதுவாக இருக்கும். ரோட்டில் லாரி போகிறது. எத்தனையோ இருக்கிறது.

பிஎச்.டி.யே வேண்டாம் என்று வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். சிவநேசன் டீ போட்டுக் கதவுக்கு வெளியிலேயே வைத்துவிட்டுப் போனார். உள்ளே வந்து கொடுத்தால் என்ன?

ஜூன் 25, செவ்வாய்

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

மெஷின் எண்ணை மட்டும்தான் சொல்லும். எப்போது எரிகிறது என்று கண்ணால் பார்க்க நினைத்தேன். செல்லுக்கு அடிபட்டால் உள்ளே கால்சியம் பாயும். கால்சியம் ஏறினால் பச்சையாக மின்னும் சாயம் ஒன்று இருக்கிறது. அதை ஏற்றி, தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஒரு கீறலும் போடவில்லை. தொடாத குழி. திரை கறுப்பாக இருந்தது. செல்களின் விளிம்பு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. எல்லாம் நிம்மதியாக இருந்தன. மத்தியானம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். லாரி போனது, மின்னவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் தோண்டினார்கள், மின்னவில்லை. விசிறியைப் போட்டேன், அணைத்தேன். ஒன்றுமில்லை.

சிவநேசன் போன் செய்தார்.

"மகிழா இன்னிக்கு எங்கம்மா வீட்லயே தூங்கட்டுமா? அவ கேக்குறா."

"நேத்தும் அங்கதான தூங்குனா?"

"ஆமா."

"எதுக்கு? நான் என்ன அவளக் கடிச்சா தின்னுருவேன்?"

"அப்படியில்ல, தாரணி."

"வேற எப்படி?"

போனை மேசையில் அறைந்து வைத்தேன்.

திரை முழுக்கப் பச்சை.

ஒரு செல், இரண்டு செல் இல்லை. மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் எரிந்தது. கீறிய குழியில்கூட இப்படி ஒரே வீச்சில் எரிந்து நான் பார்த்ததில்லை. அங்கே காயத்திலிருந்து பக்கத்துக்குப் பக்கம் அலையாகப் பரவும். இங்கே எல்லாவற்றுக்கும் ஒன்றாக அடி. மெல்ல மெல்ல மங்கி, திரும்பக் கறுப்பாவதற்கு நேரம் பிடித்தது.

எங்கள் மேசை ஒரே கடப்பாக்கல் மேடை. ஒரு முனையில் மைக்ராஸ்கோப். மறுமுனையில் இன்குபேட்டர்.

எழுந்து போய் இன்குபேட்டரைத் திறந்தேன். சாத்தினேன். எப்போதும் சாத்துவதுபோலத்தான்.

திரும்பிப் பார்த்தேன். பச்சை.

ஜூன் 26, புதன்

ஒருமுறை நடந்ததை வைத்து எதையும் நம்பக் கூடாது. நான் அப்படி வளர்க்கப்பட்டவள் இல்லை. இன்று வேறு தட்டு, வேறு செல்கள். கதவை விரலால் தள்ளிச் சாத்தினேன். புது ரப்பர் தானாகவே பிடித்துக்கொண்டது. திரை கறுப்பு. என் வழக்கப்படி சாத்தினேன். பச்சை. விரலால் தள்ளினேன். கறுப்பு. பழைய ரப்பர் தொய்ந்து கிடந்ததால் அடியை அதுவே வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. புது ரப்பர் கெட்டி. ஜனவரிக்குப் பிறகு நான் சாத்திய ஒவ்வொரு தடவையும் அடி நேராகத் தட்டுக்குப் போயிருக்கிறது.

துறையிலிருந்து ஒருத்தியைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல், "இந்த இன்குபேட்டரைச் சாத்து" என்றேன். சாத்தினாள். கறுப்பு. "பெனிட்டாவும் இப்படித்தான் சாத்துவாளா?" என்று கேட்டேன். "எல்லாரும் இப்படித்தான சாத்துவாங்க?" என்று சொல்லிவிட்டு, உடனே, "உங்களச் சொல்லலக்கா" என்றாள்.

ஐந்து மாத எண்கள் மொத்தமும் குப்பை. ஆகஸ்டில் முடிக்க முடியாது.

நான் ஒன்றும் வேண்டுமென்று செய்யவில்லை. அப்படிச் சாத்தச் சொல்லிக் கொடுத்தது சார். ரப்பரை மாற்றியது அவள். மாற்றியவள் பக்கத்தில் உட்கார வைத்துத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். மெதுவாகச் சாத்தலாம் என்று முனகினால் யாருக்குப் புரியும்?

ஜூன் 27, வியாழன்

சாரிடம் சொன்னேன். படங்களைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இப்ப சொல்றியேம்மா. நான் புகார்ல கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்."

"வாபஸ் வாங்குங்க சார்."

"அந்தப் பொண்ணே ஒத்துக்கிட்டு லெட்டர் அனுப்பிருச்சு."

"எதை ஒத்துக்கிட்டா?"

"தட்டுகள ஆட்டுனது நான்தான்னு. போன வாரமே வந்திருச்சு."

கூட்டம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் கத்தினேன். மெதுவாகத்தான் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன், ஆனாலும் கத்தினேன். அவள் எதற்கு இப்படி எழுதினாள் என்று எனக்குப் புரியவே இல்லை. பைத்தியமா அவளுக்கு?

ஜூன் 28, வெள்ளி

கூட்டம் மூன்றாவது மாடியில். தலைமை வேதியியல் துறை நாச்சியார் மேடம். பெனிட்டா கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். காலடியில் ஒரு அட்டைப் பெட்டி. சார் ஆரம்பிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"இவ செய்யல மேடம். நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். கதவு, ரப்பர், கடப்பாக்கல், பச்சை, கறுப்பு. குரல் ஏறிக்கொண்டே போனது எனக்கே தெரிந்தது. மேடம் இரண்டு தடவை கையைக் காட்டி, "மெதுவா, மெதுவாம்மா" என்றார். சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பேர் முன்னால், என் வாயாலேயே, என் ஐந்து மாதத்தை நானே குப்பையில் போட்டேன். எவ்வளவு பேர் இதைச் செய்வார்கள்?

மேடம் பெனிட்டாவின் பக்கம் திரும்பினார்.

"கேட்டேல்ல? நீ குடுத்த லெட்டரத் திருப்பி வாங்கிக்கோ. ஒன்மேல ஒரு குத்தமும் இல்லைன்னு நானே எழுதுறேன். திங்கக்கிழமை வந்து ஒன் வேலையப் பாரு."

"நன்றி மேடம். குத்தம் இல்லைன்னு மட்டும் எழுதித் தாங்க, போதும். நான் வேலைக்கு வரல."

"ஏம்மா? அதான் எல்லாம் சரியாயிருச்சே."

"நான் போறேன் மேடம்."

மேடம் இன்னும் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். அவள் அதையேதான் சொன்னாள். தானாக விலகிக்கொண்டதாக எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அவளுடைய ஒன்றரை வருடம் போய்விட்டது. இனி எங்கே போனாலும் முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நான் அவள் பின்னாலேயே வெளியே வந்தேன். லிஃப்டுக்குப் பக்கத்தில் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் பட்டனை இன்னொரு முறை அமுக்கினாள்.

"ஒன் எடம் ஒனக்குக் கெடச்சிருச்சுல்ல. அப்புறம் எதுக்குப் போற?"

"ஊருக்குப் போறேன்க்கா."

"எல்லார் முன்னாலயும் நான்தான்னு சொல்லியாச்சு. இன்னும் நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்க்கா."

"ஒனக்கு மொதல்லருந்தே தெரியும்ல, அது கதவுதான்னு?"

ஆமென்று தலையை ஆட்டினாள்.

"அப்ப செய்யாத தப்ப எதுக்கு செஞ்சேன்னு எழுதிக் குடுத்த?"

அவள் தரையைப் பார்க்கவில்லை. இந்த ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"செய்யலன்னு எழுதுனா விசாரண முடியிற வரைக்கும் வெலக விட மாட்டாங்க, அங்கயே இருக்கணும்லா. செஞ்சேன்னு எழுதுனா வெளிய விட்டுருவாங்க. எனக்கு இனி உங்களுக்க கூட அந்த ரூம்ல இருக்க முடியாதுக்கா. காலையில கதவுல காது வச்சு, நீங்க உள்ள இல்லன்னு தெரிஞ்ச பொறவுதான் சாவியப் போடுவேன்."

எனக்குக் கோபம் வந்தது. இந்த நேரத்தில்கூட வந்தது. அப்புறம்தான் அது கோபம் இல்லை, அழுகை என்று தெரிந்தது.

பெட்டி கனம்போல. அவள் கை வலித்து, ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தாள். நான் வாங்கிக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன். அவள் தோளைக் குறுக்கி, கண்ணை இறுக மூடி, பெட்டியோடு சுவரில் போய் இடித்துக்கொண்டாள்.

நான் கை ஓங்கவில்லை. இத்தனை வருடத்தில் யாரையும் நான் கைநீட்டி அடித்ததே இல்லை. அதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது.